ஐ3-ஐ எடுத்துவிட்டு ஐ7 போட்டால் ஒலிநூல் எடிட்டிங் வேகமாகுமா?

வாசிப்புக்குரல் எழுதியது:

வணக்கம். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களையும் நாவல்களையும் வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். எல்லாம் ஒரே பழைய லேப்டாப்பில்தான். ஐ3-3110எம் ப்ராசஸர், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி ஏற்கெனவே போட்டாயிற்று. அதனால் ‘முதலில் எஸ்எஸ்டி போடுங்கள்’ என்ற பதில் எனக்கு உதவாது. போட்ட அன்றே வித்தியாசம் தெரிந்தது. லேப்டாப் திறப்பதிலும் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் திறப்பதிலும் இப்போது குறை எதுவும் இல்லை.

பிரச்சினை எடிட்டிங்கில். ஓர் அத்தியாயம் முக்கால் மணி நேரம் வரும், சில சமயம் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். இரைச்சல் நீக்கம், கம்ப்ரெஸர், ஒலியளவைச் சமப்படுத்துவது, கடைசியில் எம்பி3 ஆக்குவது என்று எல்லாம் சேர்ந்து ஓர் அத்தியாயத்துக்குப் பதினோரு நிமிடம் போகிறது. கேட்டுப் பார்த்தால் எங்கேயோ ஒரு வரி சரியில்லை என்று தெரியும். திருத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. தேர்வு நெருங்கும்போது இந்தக் காத்திருப்பு எனக்குப் பொறுக்கவே முடிவதில்லை. மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டிப் படித்துக்கொண்டிருக்கும்போது இவர்கள் என் கோப்புக்காகக் காத்திருக்கிறார்கள்.

புது லேப்டாப் வாங்கப் பணம் இல்லை. பயன்படுத்திய ஐ7-3630க்யூஎம் அல்லது ஐ7-3632க்யூஎம் கொஞ்சம் செலவில் கிடைக்கும் போலிருக்கிறது. நான்கு கோர் என்றால் வேகம் இரட்டிப்பாகும் என்று நினைக்கிறேன். என் லேப்டாப்பில் அது பொருந்துமா? பொருந்தினால் உண்மையிலேயே பயன் இருக்குமா? இன்னொன்று, மைக் பக்கத்திலேயே இருப்பதால் ஃபேன் சத்தம் கூடினால் பதிவு கெட்டுவிடும். அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.


கணக்கன் எழுதியது:

பழைய இயந்திரத்தில் பணம் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது இன்டெலில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப். உங்களுடையது மூன்றாம் தலைமுறை. ஐ3 இருந்தாலும் ஐ7 போட்டாலும் அது மூன்றாம் தலைமுறைதான்.

அலுவலகங்கள் கழித்துவிடும் எட்டாம் தலைமுறை லேப்டாப்புகள் பயன்படுத்திய நிலையில் நிறைய வருகின்றன. ஐ5-8250யு என்பது 15 வாட்டில் நான்கு கோர், டர்போவில் (தேவைப்படும்போது தானே வேகத்தைக் கூட்டிக்கொள்வது) 3.4 கிகாஹெர்ட்ஸ். ப்ராசஸருக்கு ஆகும் பணத்தைச் சேர்த்துவைத்து, அப்படி ஒன்று வாங்கும் வரை காத்திருக்கலாம்.


திருப்புளி எழுதியது:

கணக்கன் சொல்லும் தகவல் சரி. ஆனால் வாசிப்புக்குரலுக்கு இந்தத் தேர்வுக்கு முன்னால் வேலை நடக்க வேண்டும். இணையம் இல்லாமல் பதிவும் எடிட்டிங்கும் மட்டும் செய்கிற இயந்திரம் இன்னும் பல காலம் உழைக்கும். லினக்ஸ் போட்டாலும் ஆடாசிட்டி ஓடும். அதனால் கேட்ட கேள்விக்கே வருகிறேன்.

பொருந்துமா என்று பார்ப்பதற்கு முன், பதினோரு நிமிடம் எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள். இரைச்சல் நீக்கம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து ப்ராசஸர் எத்தனை சதவீதம் என்று கவனியுங்கள். உங்கள் ஐ3-இல் இரண்டு கோர் (வேலை செய்யும் பகுதி), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). நூறை ஒட்டி நின்றால் கோர் போதவில்லை என்று அர்த்தம். 25-ஐ ஒட்டி நின்றால், வேலை முழுவதும் ஒரே த்ரெடில் நடக்கிறது, மீதி மூன்றும் சும்மா இருக்கின்றன என்று அர்த்தம். ஆடாசிட்டியின் எஃபெக்டுகள் பெரும்பாலும் இரண்டாவது ரகம். அப்படி இருந்தால் நான்கு கோர் வாங்கினாலும் எட்டு கோர் வாங்கினாலும் ஒரு கோர்தான் உங்களுக்காக உழைக்கும். அந்த ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் கணக்கு.

இங்கேதான் ஐ7 என்ற பெயர் ஆளை ஏமாற்றும். ஐ3-3110எம் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே நிற்கும். அதற்கு டர்போ கிடையாது. அதுதான் அதன் பெரிய குறை. நீங்கள் கேட்கும் ஐ7-3632க்யூஎம், ஒரே கோர் ஓடும்போது 3.2 வரை போகும். அதே தலைமுறையின் ஐ5-3360எம் இரண்டே கோர்தான், ஆனால் 3.5 வரை போகும். ஐ5-3340எம் 3.4, ஐ5-3320எம் 3.3. இரண்டு கோர் ஐ7-களும் உண்டு: ஐ7-3520எம் 3.6, ஐ7-3540எம் 3.7. ஒரு த்ரெட் வேலைக்கு அந்தச் சாதாரண ஐ5-கள் நீங்கள் ஆசைப்படும் நான்கு கோர் ஐ7-3632க்யூஎம்மை முந்திவிடும். ஐ7 என்ற பெயருக்கே விற்பவர்கள் கூடுதலாகச் சொல்வார்கள். ஐ5-கள் அலுவலக லேப்டாப்புகளிலிருந்து கழற்றி ஏராளமாக வருகின்றன, யாரும் போட்டிபோட்டு வாங்குவதில்லை.

சூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஐ3-3110எம் 35 வாட் வகை. நான் மேலே சொன்ன ஐ5-களும், இரண்டு கோர் ஐ7-களும், ஐ7-3632க்யூஎம்மும் அதே 35 வாட்தான். ஐ7-3630க்யூஎம் 45 வாட். சூட்டை வெளியேற்றும் உங்கள் ஹீட் சிங்க் 35 வாட்டுக்காகச் செய்யப்பட்டிருந்தால் அந்தப் பத்து வாட் முழுவதும் ஃபேன் சத்தமாகத்தான் வெளியே வரும். மைக் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அடுத்து, பொருந்துமா? மூன்று விஷயம் பார்க்க வேண்டும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கி, முதல் பக்கத்தில் பேக்கேஜ் என்ற இடத்தைப் பாருங்கள். 988 என்றும் பிஜிஏ (PGA) என்றும் வந்தால் ப்ராசஸர் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது, கழற்றலாம். பிஜிஏ என்பதற்கு முன்னால் ஆர் என்ற எழுத்து இருக்கும். 1023 என்று வந்தால் மதர்போர்டோடு சேர்த்து ஈயம் வைத்திருக்கிறார்கள், பேச்சு அதோடு முடிந்தது. 3110எம் இரண்டு விதமாகவும் வந்திருக்கிறது; அதனால் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. பிறகு மெயின்போர்டு பக்கத்தில் சவுத்பிரிட்ஜ் என்ற இடத்தில் சிப்செட் (மதர்போர்டின் துணைச் சிப்) பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். அந்த மாடல் எந்தெந்த ப்ராசஸரோடு விற்கப்பட்டது என்ற பட்டியல் அதில் இருக்கும். சாக்கெட்டில் உட்காருவது வேறு, லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் பயாஸ் அதை அடையாளம் கண்டு இயக்குவது வேறு. பட்டியலில் இருப்பதை வாங்கினால் அந்தக் கவலையே இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் டிராக் மோனோவா, ஸ்டீரியோவா?


சிற்றாறு எழுதியது:

அக்கா, சிப்செட் பார்க்காமல் தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள். என் தங்கையின் தோழியிடம் பென்டியம் 2020எம் போட்ட லேப்டாப் இருந்தது. விற்றவர் பொருந்தும் என்று உறுதி சொன்னதால் ஐ5 வாங்கி மாட்டினார்கள். சரியாகத்தான் திறந்தது, பயாஸிலும் ஐ5 என்றே காட்டியது. அரை மணி நேரம் ஓடியதும் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டால் மறுபடி அரை மணி நேரம். சூடு என்று நினைத்து, ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் வைக்கும் பேஸ்டை மாற்றினார்கள், ரேம் என்று நினைத்து அதையும் மாற்றினார்கள். கடைசியில் என்னிடம் வந்தபோது சிபியு-இசட்டில் பார்த்தேன், எச்எம்70.

அந்த சிப்செட் செலரானுக்கும் பென்டியத்துக்கும் மட்டும். கோர் வரிசை ப்ராசஸர் போட்டால் 30 நிமிடத்தில் தானே அணைத்துவிடும். சாக்கெட் ஒன்றேதான், அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். உங்களுடையது ஏற்கெனவே ஐ3-இல் நன்றாக ஓடுவதால் எச்எம்70 ஆக இருக்காது. ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பயன்படுத்திய ப்ராசஸர் வாங்கும்போது இரண்டு பக்கமும் தெளிவான படம் கேளுங்கள். கீழ்ப்பக்கம் ஊசிகள் எல்லாம் நேராக இருக்க வேண்டும். மேல்பக்கம் எஸ்ஆர் என்று தொடங்கும் குறியீடு இருக்கும். க்யூ என்று தொடங்கினால், அல்லது ‘கான்ஃபிடென்ஷியல்’ என்று பொறித்திருந்தால், அது சோதனைக்காகச் செய்த சாம்பிள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.


வாசிப்புக்குரல் எழுதியது:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு மிக்க நன்றி. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

இரைச்சல் நீக்கம் ஓடும்போது 25-க்கும் 30-க்கும் நடுவில்தான் நிற்கிறது. ஒரு முறைகூட அதற்கு மேல் ஏறவில்லை. லேப்டாப் திணறுகிறது என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். பேக்கேஜ் 988, பிஜிஏ. சிப்செட் எச்எம்76. சர்வீஸ் மேனுவலும் கிடைத்தது. பட்டியலில் ஐ5-3320எம், 3340எம், 3360எம் மூன்றும் இருக்கின்றன. நான்கு கோர் ஒன்றுகூட இல்லை.

டிராக் ஸ்டீரியோ. ஆடாசிட்டி அப்படித்தான் திறந்தது, நானும் அப்படியே பதிவு செய்துகொண்டிருந்தேன். மோனோ என்றால் தரம் குறையாதா?


திருப்புளி எழுதியது:

குறையாது. வாசிப்பது நீங்கள் ஒருவர், மைக்கும் ஒன்று. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே குரல்தான் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு எஃபெக்டும் அதே குரலை இரண்டு தடவை சுத்தம் செய்துகொண்டிருக்கிறது. டிராக்ஸ் மெனுவில் மிக்ஸ் என்பதற்குக் கீழே ஸ்டீரியோவை மோனோவாக்கும் வசதி இருக்கிறது. அதைச் செய்துவிட்டு மற்ற எஃபெக்டுகளைக் கொடுங்கள். இனிமேல் பதிவு செய்யும்போதே மோனோவில் வையுங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸ் போதும். எம்பி3 ஆக்கும்போதும் மோனோவில் 64 கேபிபிஎஸ் பேச்சுக்குத் தாராளம். கோப்பு சிறியதாகும், போனில் கேட்கிற மாணவர்களுக்கும் அது நல்லது. இதைச் செய்து பார்த்து நேரம் எவ்வளவு என்று சொல்லுங்கள். அதுவரை எதுவும் வாங்க வேண்டாம்.


சிற்றாறு எழுதியது:

நான்கு கோருக்காகவும் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன். எஃப்எஃப்எம்பெக் மாதிரி கட்டளைவழி மென்பொருளில் நான்கு அத்தியாயங்களை ஒரே நேரத்தில் ஓடவிடலாம். அப்போது நான்கு கோரும் முழுதாக உழைக்கும். மொத்தமாக ஒரு புத்தகத்தை ராத்திரியில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு அதுதான் லாபம். அக்கா அத்தியாயம் அத்தியாயமாகக் கேட்டுக் கேட்டுத் திருத்துவதால் அவருக்கு திருப்புளி அண்ணன் சொல்வதே சரி.


வாசிப்புக்குரல் எழுதியது:

மோனோவாக மாற்றிச் செய்தேன். அதே அத்தியாயம், அதே எஃபெக்டுகள், ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது! செலவே இல்லாமல் பாதி நேரம் குறைந்ததை என்னால் நம்பவே முடியவில்லை. ஒரு மாணவியிடம் அனுப்பிக் கேட்கச் சொன்னேன், குரலில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றார்.

இனி ப்ராசஸர் மாற்ற வேண்டுமா என்றே யோசனையாக இருக்கிறது. ஆனால் ஃபேன் சத்தம் இப்போதே அதிகம்தான். எப்படியும் திறந்து சுத்தம் செய்ய வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.


திருப்புளி எழுதியது:

ஆறு நிமிடம் என்றால் இனி அவசரம் இல்லை. 3340எம் போட்டால் 2.4 இருந்த இடத்தில் 3.4. கணக்குப்படி ஆறு நிமிடம் நாலேகாலுக்கு வரும், நடைமுறையில் நாலரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 3360எம்முக்கும் 3320எம்முக்கும் நடுவில் நீங்கள் உணரும் வித்தியாசம் சில வினாடிகள்தான். எது மலிவோ அது போதும். அதுவும் கையைக் கடிக்கிற விலை என்றால் வாங்காதீர்கள், கணக்கன் சொன்னதுபோல் அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள். மலிவாக வந்தால், சுத்தம் செய்யத் திறக்கும்போது கூடவே மாற்றிவிடலாம். ஹீட் சிங்க்கைக் கழற்றியபின் ப்ராசஸர் மாற்றுவது கூடுதலாக ஐந்து நிமிட வேலை.

திறப்பதற்கு முன்னால், பழைய ஐ3 இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். பேட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டும், சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே போய்விடும். பிறகு லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணையுங்கள். காய்ந்த பேஸ்ட் சூட்டில் இளகும், ஹீட் சிங்க் சுலபமாக வரும். பேட்டரியைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள்.

ஹீட் சிங்க்கின் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு, மாட்டும்போது ஒன்றிலிருந்து. ஒரே ஸ்க்ரூவை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டெஸ்க்டாப் ப்ராசஸருக்கு மேலே உலோக மூடி இருக்கும், லேப்டாப்பில் அது இல்லை. சிலிக்கான் நேரடியாக வெளியே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் விழுந்தால் மூலை உடையும். இந்த ஓர் இடத்தில்தான் உண்மையான ஆபத்து. மற்றதெல்லாம் நிதானமாகச் செய்தால் யாரும் செய்யலாம். ஹீட் சிங்க் வரவில்லை என்றால் மேலே இழுக்காமல் லேசாக இடமும் வலமும் அசையுங்கள்.

சாக்கெட்டின் ஓரத்தில் தட்டையான தலையுள்ள ஒரு ஸ்க்ரூ இருக்கும், பக்கத்தில் பூட்டுப் படமும் போட்டிருக்கும். அதைத் திறக்கும் பக்கம் திருப்பினால் ப்ராசஸர் தானாகத் தளரும். நேராக மேலே எடுங்கள். புதியதன் மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டின் அதே மூலைக்கு நேராக வைத்தால் தன் எடையிலேயே உட்காரும். அழுத்த வேண்டிய தேவை வந்தால் எங்கோ தவறாக இருக்கிறது, எடுத்து ஊசிகளைப் பாருங்கள். உட்கார்ந்ததும் ஸ்க்ரூவைத் திருப்பிப் பூட்டுங்கள். பழைய பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, புதியது ஓர் அரிசி அளவு வையுங்கள். பக்கத்துச் சிப்புகளின் மேல் சாம்பல் நிற தெர்மல் பேட் இருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அங்கே பேஸ்ட் வைக்காதீர்கள். ஃபேனில் தூசி ஊதும்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள்.

முதல் தடவை திறக்கும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாக இருக்கலாம், பயப்பட வேண்டாம். விண்டோஸை மறுபடி நிறுவத் தேவை இருக்காது.

இனி உங்கள் மைக் பிரச்சினை. பவர் ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்டு பகுதியில், ப்ராசஸரின் அதிகபட்ச நிலை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பதிவு செய்ய ஒரு திட்டம், எடிட்டிங்குக்கு ஒரு திட்டம் என்று இரண்டு பவர் பிளான் உருவாக்குங்கள். எடிட்டிங்குக்கு 100. பதிவுக்கு 50. ஒரு மைக்கைப் பதிவு செய்ய இந்த ப்ராசஸரில் பாதிகூட வேண்டாம், ஃபேன் அநேகமாக வாயே திறக்காது. இதை ஐ3-இலேயே இன்று செய்து பார்க்கலாம். ஐ5 போட்ட பிறகு 99 என்று வைத்தாலே டர்போ நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். எடிட்டிங் திட்டத்தில் தவறிக்கூட 99 என்று வைத்துவிடாதீர்கள், வாங்கிய பயனில் பெரும்பகுதி போய்விடும்.


வாசிப்புக்குரல் எழுதியது:

3340எம் மலிவாகவே கிடைத்தது, படம் கேட்டு ஊசிகளைப் பார்த்துத்தான் வாங்கினேன். தம்பி பக்கத்தில் இருந்து டார்ச் பிடிக்க, நீங்கள் சொன்ன வரிசையிலேயே மாற்றிவிட்டேன். ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தூசி ஒரு துணி மாதிரி படிந்திருந்தது. இப்போது அதே அத்தியாயம் நாலரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். 50 சதவீதத் திட்டத்தில் பதிவு செய்யும்போது ஃபேன் சத்தம் ஹெட்போனில் கேட்கவே இல்லை, அதனால் இரைச்சல் நீக்கத்தையும் குறைவாகக் கொடுத்தால் போதுமாக இருக்கிறது. குரல் முன்னைவிட இயல்பாக வருகிறது. திருப்புளி அண்ணாவுக்கும் சிற்றாறுக்கும் மாணவர்கள் சார்பிலும் நன்றி.

பழைய ஐ3 கையில் இருக்கிறது. யாருக்காவது தேவையென்றால் கொடுத்துவிடலாமா?


திருப்புளி எழுதியது:

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஐ3-ஐ உடனே கொடுக்காதீர்கள். வாங்கியது பயன்படுத்திய பொருள், தேர்வு முடியும் வரையாவது பழையது கையில் இருக்கட்டும். ஊசிகள் வளையாமல் இருக்க, புதியது வந்த பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு வையுங்கள். கொடுக்கும்போது, வாங்குகிறவரின் சிப்செட் எச்எம்70 இல்லை என்று சிபியு-இசட் படத்தைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.